ஒற்றைத் தலையிடியைக் கிளப்புபவை எவை, தவிர்ப்பது எப்படி: திருகோணமலையில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் ஊர்ப் பாமசிகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது: "தம்பி, தலையிடிக்கு ரெண்டு குளிசை தாங்கோ." தம்பி எடுத்துக் கொடுப்பார். வாங்கியவர் அங்கேயே வாயில் போட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வெயிலில் இறங்கிப் போய்விடுவார். நேற்றிரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், காலையில் சாப்பிட்டீர்களா, இந்த மாதத்தில் இது எத்தனையாவது தரம் என்று கேட்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. ஆனால் பாதி வைத்தியம் அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் இந்த வருத்தம் அம்மா வழியாக வந்தது. எனக்கும் உண்டு, தங்கைக்கும் உண்டு. நான் வைத்தியர் இல்லை. இதோடு வாழ்ந்து, வாசித்து, வைத்தியர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஒரே ஒரு காரணத்தைத் தேடி அலையாதீர்கள். அநேகமாக இரண்டு மூன்று காரணங்கள் ஒரே நாளில் கூடும்போதுதான் ஒற்றைத் தலையிடி வருகிறது. நம் கையில் இருப்பவற்றைச் சீராக வைத்திருந்தால், கையில் இல்லாத காற்றையும் வெயிலையும் மாதவிலக்கையும் ஓரளவு தாங்கிக்கொள்ளலாம்.

படி 1: இது ஒற்றைத் தலையிடிதானா என்று பாருங்கள்

இந்தத் தலையிடிக்கு ஒரு முகம் உண்டு. மருந்து எடுக்காமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நிற்கும். பெரும்பாலும் ஒரு பக்கம், விண்விண் என்று நாடி துடிப்பதைப் போல இடிக்கும். மாடிப்படி ஏறினால், குனிந்தால் கூடும். கூடவே குமட்டல் அல்லது சத்தி இருக்கும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. இப்படி ஐந்து தரமாவது வந்திருந்தால் வைத்தியர்கள் இந்தப் பெயரைச் சொல்வார்கள். "ஒற்றை" என்று சொன்னாலும் இரண்டு பக்கமும் வருபவர்கள் இருக்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நெற்றி முழுவதும்தான் வலிக்கும், நேரமும் குறைவு.

ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் ஏதாவது தெரியும்: மினுங்கும் வளைந்த கோடு, பார்வையின் ஓரத்தில் ஒரு இருட்டுப் பொட்டு. சிலருக்கு ஒரு கை விறைத்து, அந்த விறைப்பு மெல்ல மேலே ஏறும். இது 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். இது உங்களுக்கு உண்டா இல்லையா என்பதைக் கட்டாயம் குறித்து வையுங்கள். பின்னால் கருத்தடைக் குளிசையைப் பற்றிச் சொல்லும்போது இது வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இதைப் பீனிசம் என்பார்கள், பித்தம் என்பார்கள், கண்ணாடி மாற்ற வேண்டும் என்பார்கள். ஒற்றைத் தலையிடி வரும்போது மூக்கடைப்பதும் கண்ணில் நீர் வடிவதும் உண்டு, அதனால்தான் இந்தக் குழப்பம். பீனிசத்துக்கு வருடக்கணக்காக மருந்தெடுத்தும் மாறாத தலையிடி, மாதத்துக்கு ஒருமுறை சத்தியோடு வருகிறது என்றால், அதை மறுபடி ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாழ்நாளில் இல்லாத கடும் வலி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போவது; காய்ச்சலோடு கழுத்து விறைப்பது; ஒரு பக்கக் கை கால் சோர்வது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, மயங்குவது; தலையில் அடிபட்ட பிறகு வருவது; கர்ப்பிணிக்கும் அண்மையில் பிள்ளை பெற்ற தாய்க்கும் புதிதாக வருவது. இவற்றில் எது வந்தாலும் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 50 வயதுக்குப் பிறகு முதன்முதலாகத் தொடங்கும் தலையிடியையும், கிழமைக்குக் கிழமை கூடிக்கொண்டே போகும் தலையிடியையும் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

படி 2: அது எப்படிக் கிளம்புகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

இந்த வருத்தம் உள்ளவர்களின் மூளை மாற்றங்களைச் சட்டென்று உணரும் மூளை. பெரும்பாலும் அது பரம்பரையாக வருகிறது. நித்திரை, சாப்பாடு, ஹோமோன், வெப்பம் என்று எது திடீரென மாறினாலும் அது எதிர்வினை காட்டும். முகத்துக்கும் தலைக்கும் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு தூண்டப்பட்டு, வலியைக் கிளப்பும் இரசாயனங்கள் வெளிப்படுகின்றன. மனப்பலவீனம், வேலைக்கள்ளம் என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெண்களுக்கு இது ஆண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம்.

கிளப்பும் காரணங்களை மூதூருக்குப் போகும் வள்ளத்தில் ஏற்றும் மூட்டைகளாக நினையுங்கள். கடைசியாக ஏற்றிய மூட்டையில்தான் எல்லோருடைய கண்ணும் போகும். ஆனால் அதற்கு முன்னால் ஏற்றியவையும் சேர்ந்துதான் வள்ளத்தைத் தாழ்த்தின. இதனால்தான் ஒருநாள் வெயிலில் போனால் ஒன்றும் செய்யாது, இன்னொரு நாள் அதே வெயில் ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். இரண்டாவது நாளில் முதல்நாள் இரவு நித்திரை இல்லை, காலைச் சாப்பாடும் இல்லை.

இன்னொன்றும் உண்டு, பலர் ஏமாறுவது இதில்தான். வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்னால், சிலருக்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்னாலேயே கூட, மூளைக்குள் வேலை தொடங்கிவிடும். அப்போது அடிக்கடி கொட்டாவி வரும், கழுத்துப் பிடிக்கும், எரிச்சல் வரும், அடிக்கடி சலம் போகும், இனிப்பு சாப்பிட ஆசை வரும். அந்த ஆசையில் ஒரு சொக்லேட் சாப்பிடுகிறோம். பிறகு வலி வருகிறது. சொக்லேட்டில் பழியைப் போடுகிறோம். உண்மையில் சொக்லேட்டைக் கேட்டதே வரப்போகும் தலையிடிதான். "தலகாணி சரியில்லை, கழுத்துப் பிடிச்சது, அதாலதான் தலையிடிச்சது" என்பதும் பல நேரங்களில் இப்படித்தான்.

படி 3: ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்

கைபேசியில் எழுதினாலும் சரி, கலண்டரில் எழுதினாலும் சரி. நான் 80 பக்க அப்பியாசக் கொப்பியைத்தான் சொல்வேன், ஏனென்றால் அதை வைத்தியரின் மேசையில் விரித்து வைக்கலாம். குறைந்தது இரண்டு மூன்று மாதம் எழுத வேண்டும். தலையிடி வந்த நாளை மட்டும் எழுதினால் பயனில்லை. வராத நாளையும் எழுதினால்தான் வித்தியாசம் தெரியும்.

எழுத வேண்டியவை: படுத்த நேரம், எழும்பிய நேரம், சாப்பிட்ட நேரங்கள், தேத்தண்ணி குடித்த நேரங்கள், ஏறத்தாழ எவ்வளவு தண்ணீர், வெயிலில் நின்ற நேரம், பெண்கள் என்றால் மாதவிலக்கு நாள், வழமைக்கு மாறாக நடந்தது ஏதாவது. வலி வந்தால் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு கடுமை, என்ன குளிசை, எத்தனை மணிக்கு.

உப்புவெளியில் இருக்கும் என் மச்சாள் ஆசிரியை. அவருக்குச் சனிக்கிழமைகளில்தான் தலையிடி. வெள்ளிக்கிழமைக் கோயிலில் சாம்பிராணிப் புகை பிடிப்பதால்தான் வருகிறது என்று உறுதியாக நம்பினார். அவருடைய கொப்பியில் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

"வெள்ளி. 5.00 எழும்பினேன். 6.15 தேத்தண்ணி, இரண்டு பிஸ்கட். பள்ளிக்கூடம். 2.30 சோறு. பின்னேரம் கோயில். விடைத்தாள் திருத்தி 12.00க்குப் படுத்தேன். சனி. 8.30 எழும்பினேன். 9.15 தேத்தண்ணி. 10.30 வலது பக்கம் இடிக்கத் தொடங்கியது. ஒருதரம் சத்தி. 11.45 பனடோல் இரண்டு."

இதை வாசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை 6.15இலிருந்து பகல் 2.30 வரை எட்டு மணி நேரத்துக்கு மேல் வயிற்றில் இரண்டு பிஸ்கட்தான். இரவு நித்திரை பிந்தியது. சனிக்கிழமை வழமையைவிட மூன்றரை மணி நேரம் பிந்தி எழும்பியிருக்கிறார், அதனால் தினமும் 6.15க்கு உடம்புக்குக் கிடைக்கும் தேத்தண்ணி மூன்று மணி நேரம் பிந்தியது. கிழமை முழுவதும் இருந்த வேலைப்பளு அன்றைக்குத்தான் சட்டென்று இறங்கியது. அழுத்தம் கூடும்போது மட்டுமல்ல, அது விடும்போதும் இந்த வலி வரும். வலி தொடங்கி ஒன்றேகால் மணி நேரம் கழித்து, சத்தியும் வந்த பிறகுதான் குளிசை. இத்தனைக்கும் நடுவில் சாம்பிராணி எங்கேயோ ஒரு மூலையில் நிற்கிறது.

மச்சாள் கோயிலை விடவில்லை, விடவும் தேவையில்லை. இடைவேளைக்கு இரண்டு இடியப்பமோ பாணும் சம்பலுமோ கட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். சனிக்கிழமையும் ஆறு மணிக்கு முன்னால் எழும்பி, வழமையான நேரத்தில் தேத்தண்ணி குடித்தார்; களைப்பாக இருந்தால் பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தார். தலையிடி முற்றாக நிற்கவில்லை. ஆனால் சனிக்கிழமை அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

படி 4: நான்கு நேரங்களை மாற்றாமல் பிடியுங்கள்

நித்திரை, சாப்பாடு, தண்ணீர், தேத்தண்ணி. ஒரு மாதத்துக்கு வேறு எதையும் தொடாமல் இந்த நான்கை மட்டும் சரிசெய்து பாருங்கள். என் கணிப்பில் பலருக்கு இதிலேயே பெரிய வித்தியாசம் தெரியும்.

நித்திரை குறைந்தாலும் வரும், கூடினாலும் வரும். எழும்பும் நேரத்தை ஏழு நாளும் ஒரே நேரமாக வைப்பதுதான் முக்கியம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் இரவு வேலை செய்பவர்களுக்கும், இரவில் கடலுக்குப் போகும் மீனவர்களுக்கும் இது கஷ்டம். அவர்கள் பகல் நித்திரையை ஒரே நேரத்தில், அறையை இருட்டாக்கி எடுப்பது நல்லது; பகல், இரவு முறையை நாளுக்கு நாள் மாற்றாமல் கிழமைக்கணக்கில் மாற்றும்படி மேலாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போவது இன்னொரு சிக்கல். இடையில் கழிவறைக்கு இறங்க வேண்டி வரும் என்று தண்ணீர் குடிக்காமல் ஏறுகிறோம். நித்திரையும் இல்லை, தண்ணீரும் இல்லை, டீசல் மணம் வேறு. ஹபரணையிலோ வேறெங்கோ பஸ் நிற்கும்போது இறங்குங்கள், கொஞ்சமாவது குடியுங்கள். முடிந்தால் கொழும்பில் போய் இறங்கிய காலையிலேயே முக்கியமான வேலையை வைக்காதீர்கள்.

சாப்பாட்டில் இடைவெளி நான்கைந்து மணி நேரத்தைத் தாண்டாமல் பாருங்கள். வெறும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் காலைச் சாப்பாடு ஆகாது. புட்டும் முட்டையும், அவித்த கடலை, பயறு, இடியப்பமும் பருப்பும் என்று கொஞ்சம் நின்று பிடிக்கும் சாப்பாடாக இருக்கட்டும்.

விரத நாட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கந்தசஷ்டி ஆறு நாள், கேதாரகௌரி விரதம் 21 நாள், கிண்ணியா மூதூரில் ரமழான் ஒரு மாதம். நோன்பு காலத்தில் தலையிடி கூடுவது எல்லா ஊரிலும் தெரிந்த விஷயம். பசி, தண்ணீர் இல்லாமை, நித்திரை நேரம் மாறுவது, தேத்தண்ணி நிற்பது என்று நான்கும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. விரதம் தொடங்க இரண்டு கிழமைக்கு முன்னாலேயே தேத்தண்ணியையும் கோப்பியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். முதல் சில நாள் தலையிடிக்கு அது திடீரென நிற்பது ஒரு பெரிய காரணம். ஸஹர் சாப்பாட்டை விடாதீர்கள், அதில் சீனிச் சாமான்களைவிட மெதுவாகச் செமிக்கும் சாப்பாடு நல்லது. நோன்பு திறந்ததிலிருந்து படுக்கும் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். சைவ விரதத்தில் பால், பழம், இளநீர் எடுக்கலாம் என்றால் நேரம் பிரித்து எடுங்கள். அடிக்கடி கடுமையாக வருபவர்கள் விரதத்துக்கு முன்னால் வைத்தியரிடம் பேச வேண்டும். தலையிடி வராமல் தடுக்க எடுக்கும், நீண்ட நேரம் வேலை செய்யும் தடுப்பு மருந்துகள் உண்டு. வருத்தக்காரருக்கு இரண்டு சமயத்திலும் விலக்கு இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

தேத்தண்ணி நாளுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று கோப்பை, அதே நேரத்தில். கூடக் குடித்தாலும் கெடுதல், ஒரே நாளில் நிறுத்தினாலும் கெடுதல்.

படி 5: கச்சானும் வெயிலும்

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை எல்லாம் மலைநாட்டில் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி எங்கள் பக்கம் இறங்குகிறது. இதுதான் கச்சான். மேற்குப் பக்கம் மழையில் நனையும் அதே மாதங்களில் திருகோணமலை காய்வது இதனால்தான். இந்தக் காற்றில் வியர்வை தோலில் நிற்பதற்குள் காய்ந்துவிடும். உடம்பு நனையாததால் தண்ணீர் போவதே தெரியாது. ஈரப்பதமான ஊரில் இருந்து வருபவர்கள் இங்கே வந்ததும் தலையிடி என்று சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் இந்த மாதங்களில் மணித்தியாலத்துக்கு ஒரு தம்ளர் என்று பழகுங்கள். சலத்தின் நிறத்தைப் பாருங்கள்: வெளிறிய மஞ்சள் என்றால் போதும், கடும் மஞ்சள் என்றால் குறைவு. வெளியில் வேலை என்றால் உப்பு போட்ட மோர், இளநீர், தேசிக்காய்த் தண்ணீர் நல்லது. இருதய வருத்தமோ சிறுநீரக வருத்தமோ உள்ளவர்கள் தண்ணீர், இளநீர் அளவை வைத்தியரிடம் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.

கடலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் கண்ணைத் தாக்கும். எங்கள் கடற்கரை கிழக்கைப் பார்ப்பதால் காலை நேரக் கூச்சம் கடுமை. அகலமான விளிம்புத் தொப்பியும், தெறிப்பைக் குறைக்கும் போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடியும் ஆடம்பரம் இல்லை, குறிப்பாக மீன் பிடிப்பவர்களுக்கும் புறாத் தீவுப் பக்கம் படகு ஓட்டுபவர்களுக்கும். ஆனால் வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழகி, வெளிச்சம் இன்னும் கூசும்.

கோணேசர் கோயிலுக்குப் போவதென்றால் வெயில் ஏற முன்னால், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். கோட்டை வாசலில் இருந்து சுவாமி மலை உச்சிவரை நடை ஏற்றம்தான். வெறும் வயிற்றோடு பகல் பூசைக்கு ஏறுவதில் ஏற்றம், வெயில், பசி மூன்றும் சேர்கின்றன. மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹெல்மெட் நெற்றியை இறுக்காத அளவா என்று பாருங்கள், இறுக்கமே வலியைக் கிளப்பும். இறுக்கிக் கட்டிய கொண்டையும் அப்படித்தான்.

தலைமுழுக்கு பற்றி ஒரு சொல். வெள்ளிக்கிழமை முழுகினால் தலையிடி வருகிறது என்று பெண்கள் சொன்னால் அதைத் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. இந்தியப் பெண்களிடம் இதைக் கவனித்து மருத்துவ இதழிலேயே எழுதியிருக்கிறார்கள். உங்கள் கொப்பியிலும் அது தெரிந்தால், சாப்பிட்ட பிறகு முழுகுங்கள், ஈரத்தலையோடு கட்டிக்கொள்ளாமல் உடனே துவட்டிக் காயவையுங்கள்.

வாடைக்காற்றோடு மழை தொடங்கும்போதும், காற்றழுத்தம் மாறும்போதும் சிலருக்கு வரும். வானத்தை நம்மால் மாற்ற முடியாது. அந்த நாட்களில் படி 4ஐ இன்னும் இறுக்கமாகப் பிடியுங்கள்.

படி 6: மணம், சத்தம், மினுங்கும் வெளிச்சம்

வாசனைத் திரவியம், பெற்றோல், பெயின்ட், ஊதுபத்தி, சிகரெட் புகை எல்லாம் சிலரைத் தாக்கும். எது உங்களைத் தாக்குகிறது என்பது உங்களுக்கே தெரியும். கோயிலில் காற்று வரும் பக்கம் நில்லுங்கள். கலியாண வீட்டில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்துக் கதிரையை விடுங்கள். விட்டுவிட்டு எரியும் ரியூப் லைட்டை இன்றைக்கே மாற்றுங்கள். தைலம் பூசுவது சிலருக்குச் சுகம் தரும், வேறு சிலருக்கு அந்த மணமே சத்தியைக் கொண்டுவரும்.

படி 7: மாதவிலக்கு நாட்கள்

மாதவிலக்கு தொடங்குவதற்கு முன்னால் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோமோன் சட்டென்று இறங்குகிறது. அதனால் முதல் நாளுக்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரை வலி வரும் வாய்ப்புக் கூடுகிறது. அந்த ஐந்து நாள் வலி பொதுவாக நீளமாகவும் குளிசைக்கு அடங்காமலும் இருக்கும். நாட்காட்டியில் அந்த ஐந்து நாளைக் கோடிட்டு வையுங்கள். அதற்குள் நீண்ட பயணம், விரதம், இரவு விழிப்பு எதையும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாள் தவறாமல் வருபவர்களுக்கு அந்த நாட்களில் மட்டும் எடுக்கும் தடுப்பு மருந்து உண்டு, வைத்தியரிடம் கேளுங்கள்.

அடுத்தது மிக முக்கியம். வலிக்கு முன்னால் மினுங்கும் கோடோ விறைப்போ வருபவர்கள் ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடைக் குளிசையை எடுக்கக்கூடாது. பக்கவாத ஆபத்து கூடும். குடும்ப நல உத்தியோகத்தரிடம் குளிசை கேட்கும்போது இதைக் கட்டாயம் சொல்லுங்கள்; ஈஸ்ட்ரஜன் இல்லாத வேறு முறைகள் இருக்கின்றன. புகைப்பவருக்கு ஆபத்து இன்னும் கூடும்.

கர்ப்ப காலத்தில், நாலாம் மாதத்துக்குப் பிறகு, பலருக்குத் தலையிடி குறைந்துவிடும். ஆனால் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே எடுக்கும் மருந்துகளை வைத்தியரிடம் காட்ட வேண்டும். வல்புரோயேட், டோபிரமேட் போன்ற தடுப்பு மருந்துகள் கருவுக்குக் கேடு.

படி 8: சாப்பாட்டில் எதை விடுவது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மக்கள் இதில்தான் தேவைக்கு அதிகமாகப் பயப்படுகிறார்கள். மதுவில், குறிப்பாகச் சிவப்பு வைனில், பலருக்கும் வரும். சாராயமும் கள்ளும் விதிவிலக்கு இல்லை. பழைய சீஸ், சொசேஜஸ் போன்ற பதப்படுத்திய இறைச்சி, கொத்துரொட்டிக் கடையில் போடும் அஜினமோட்டோ ஆகியவை சிலரைத் தாக்கலாம். சந்தேகம் இருந்தால் ஒன்றை மட்டும் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள், பிறகு மறுபடி சேர்த்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் பத்துச் சாப்பாட்டை விட்டுவிட்டு அரை வயிற்றோடு திரிந்தால், அந்தப் பசியே தலையிடியைக் கொண்டுவரும்.

படி 9: குளிசைகளை எண்ணுங்கள்

தலையிடிக்கு எடுக்கும் குளிசையே தலையிடியைக் கிளப்பும் என்றால் பலர் நம்புவதில்லை. பரசிட்டமோல் (பனடோல்), ஐபுபுரோபன் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கோடீன் அல்லது கஃபீன் கலந்த கூட்டுக் குளிசைகளையும் ஒற்றைத் தலையிடிக்கென்றே உள்ள ட்ரிப்டான் வகைகளையும் மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், வலி தினசரி வருத்தமாக மாறக்கூடும். கிழமைக்கு இரண்டு நாளுக்கு மேல் வலிக்குளிசை எடுக்க வேண்டி வந்தால் அதையே அபாய மணியாக எடுத்து வைத்தியரிடம் போங்கள். திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாள் வலி கூடும். கோடீன் உள்ள குளிசையைத் தனியாக நிறுத்தாமல் வைத்தியரின் உதவியோடு நிறுத்துங்கள்.

வலி வரும் நாளில் குளிசையைத் தள்ளிப் போடாதீர்கள். வலி இலேசாக இருக்கும்போதே எடுத்தால்தான் கேட்கும். பிந்தினால் வயிறு மந்தமாகி மருந்து உடம்பில் சேரத் தாமதமாகும். வளர்ந்தவர் ஒருவர் 500 மில்லிகிராம் பரசிட்டமோல் இரண்டு எடுக்கலாம், 24 மணி நேரத்தில் எட்டைத் தாண்டக்கூடாது. நிறை குறைந்தவர்களும் ஈரல் வருத்தம் உள்ளவர்களும் இன்னும் குறைவாகத்தான் எடுக்க வேண்டும். ஐபுபுரோபன் 400 மில்லிகிராம் சாப்பாட்டோடு எடுக்கலாம், ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், சில வகை ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கூடாது, கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

திருகோணமலையில் இருப்பவர்கள் இதைத் தனியாக மனதில் வைக்க வேண்டும்: காய்ச்சலோடு வரும் தலையிடிக்கு ஐபுபுரோபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் எதுவும் வேண்டாம். அது டெங்குவாக இருக்கலாம். இந்த மருந்துகள் இரத்தக் கசிவைக் கூட்டும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை நாங்கள் பார்த்தோம். காய்ச்சல் என்றால் பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு. பிறகு இரத்தப் பரிசோதனை.

குளிசையை விழுங்கிய பிறகு இருட்டான, காற்றோட்டமான அறையில் படுங்கள். நெற்றியில் குளிர்த் துணி போடலாம். சத்தி இருந்தால் சிறிது சிறிதாகத் தண்ணீர் அல்லது ஜீவனி குடியுங்கள்; சத்தியை நிறுத்தும் மருந்தும் உண்டு, வைத்தியர் எழுதித் தருவார். வலி விட்ட பிறகும் ஒருநாள் உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும். அன்றைக்கே ஓடியாடி வேலை செய்யாதீர்கள்.

படி 10: வைத்தியரிடம் போகும்போது

மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் வந்தால், அல்லது குறைவாக வந்தாலும் வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போக முடியாமல் செய்தால், தடுப்பு மருந்தைப் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ பக்கத்து ஆஸ்பத்திரியிலோ வெளிநோயாளர் பிரிவில் தொடங்கலாம். அங்கே ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. ஆகவே "டொக்டர், சரியான தலையிடி" என்று தொடங்காமல் கொப்பியை விரித்து வைத்து இப்படிச் சொல்லுங்கள்: "டொக்டர், போன மாதம் ஆறு நாள் வந்தது, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் முழுக்க நின்றது, சத்தி உண்டு, ஆறு நாளும் பனடோல் எடுத்தேன், அம்மாவுக்கும் இருந்தது." ஒரு நிமிடத்தில் அவருக்குத் தேவையானது எல்லாம் கிடைத்துவிடும். ஆஸ்துமா, பிரஷர், இருதய வருத்தம், கர்ப்பம் இருந்தால் அவர் கேட்கும் முன்னரே சொல்லுங்கள். தடுப்பு மருந்தாகத் தரும் புரோப்பிரனலோல் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. ட்ரிப்டான் வகைகள் இருதய வருத்தம் உள்ளவருக்கு ஆகாது.

தடுப்பு மருந்து தந்தால், அது வலி வந்த அன்று போடும் குளிசை இல்லை, தினமும் எடுக்க வேண்டியது. பலன் தெரிய இரண்டு மாதம்கூட ஆகும். பத்து நாளில் "ஒண்டும் குறையேல்ல" என்று நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். தலைச்சுற்றோ நித்திரை மயக்கமோ வந்தால் நிறுத்தாமல் திரும்பப் போய்ச் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம் அல்லது மருந்தை மாற்றலாம். அந்த இரண்டு மாதமும் கொப்பியில் எழுதுவதை விட்டுவிடாதீர்கள். அடுத்த கிளினிக்கில் வைத்தியர் முதலில் கேட்பது முன்னர் எத்தனை நாள் வந்தது, இப்போது எத்தனை நாள் வருகிறது என்பதைத்தான்.